முதுமையில் நீண்டகாலப் பராமரிப்புச் செலவுக்குப் பணம் ஏற்பாடு செய்வது எப்படி?

மருத்துவமனையில் பத்து நாள் படுக்க நேர்ந்தால் ஆகும் செலவுக்கு நம் வீடுகளில் ஏதோ ஓர் ஏற்பாடு இருக்கிறது. மருத்துவக் காப்பீடு இருக்கும், இல்லையென்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கும், எதுவும் இல்லாதவர்கள் நகையை அடகு வைத்தாவது சமாளித்துவிடுகிறார்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு தொடங்குகிற செலவுக்குத்தான் யாரிடமும் ஏற்பாடு இல்லை. பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, பார்க்கின்சன் நோய், டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் ஆகியவற்றால் படுத்துவிட்ட ஒருவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை மாதக்கணக்கில் முடிவதில்லை. ஐந்தாண்டு, பத்தாண்டு என்று நீள்கிறது.

இந்தச் செலவைக் காப்பீடு ஏற்காது என்பதை முதலில் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, விலக்குகள் என்ற பகுதியில் 05 என்ற குறியீடு உள்ள பத்தியைப் படித்துப் பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்துத் தந்த வாசகம் அது. குளிப்பது, உடுத்துவது, நடமாடுவது போன்ற அன்றாடத் தேவைகளுக்கு வீட்டிலோ பராமரிப்பு இல்லத்திலோ செவிலியரோ உதவியாளரோ செய்யும் பணிவிடைக்குப் பணம் தரப்படாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. 'வீட்டிலேயே சிகிச்சை' என்று பல பாலிசிகளில் உள்ள வசதி, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு வீட்டில் தரும் மருத்துவச் சிகிச்சைக்கு மட்டுமே பொருந்தும். ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதற்குப் பொருந்தாது. ஆகவே இந்தச் செலவு முதியவரின் வருமானம், சேமிப்பு, வீடு, பிள்ளைகள் ஆகிய நான்கு இடங்களிலிருந்துதான் வந்தாக வேண்டும். எதை எந்த வரிசையில் எடுப்பது, எதைத் தொடக்கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். தமிழ்நாட்டில் வாழும் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

செலவைத் தாளில் எழுதுங்கள்

மொத்தமாக இவ்வளவு லட்சம் வேண்டும் என்று தொடங்கினால் மலைப்புதான் மிஞ்சும். ஒரு மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதை எழுதிப் பார்ப்பதே சரியான தொடக்கம். படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு தாயாரை வீட்டில் வைத்துப் பார்ப்பதாகக் கொள்வோம். ஏஜென்சி வழியாக வரும் முழுநேர உதவியாளருக்கு மாதம் 25,000 ரூபாய், அவருடைய சாப்பாட்டுக்கு 4,000, நாளொன்றுக்கு நான்கு டயப்பர் வீதம் 4,800, மாத்திரை மருந்துக்கு 4,000, வாரம் மூன்று முறை வரும் பிசியோதெரபிஸ்டுக்கு 6,500, சிறுநீர்க் குழாய் மாற்றவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் 1,500 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 45,800 ரூபாய் வருகிறது. இவை கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் ஊரில் விசாரித்து உங்கள் தொகைகளை எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படி விசாரிக்கும்போது கேட்க மறக்கும் செலவுகள் சில உண்டு. உதவியாளர் விடுப்பில் போனால் மாற்று ஆளுக்குத் தனிக் கட்டணமா, தொடக்கத்தில் ஏஜென்சிக்குக் கட்டும் பதிவுத் தொகை திரும்ப வருமா, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இரட்டைச் சம்பளமா என்பவற்றை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சாய்த்து உயர்த்தும் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் கருவி போன்றவற்றை வாடகைக்கு எடுப்பதா விலைக்கு வாங்குவதா என்பது எவ்வளவு காலத்துக்குத் தேவை என்பதைப் பொறுத்தது. சில மாதங்களுக்கு மேல் தேவைப்படும் என்று மருத்துவர் சொன்னால், வாடகைத் தொகையை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏர் பெட் எனப்படும் காற்று மெத்தையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். படுக்கைப் புண் வந்துவிட்டால் அதற்கு ஆகும் செலவு காற்று மெத்தையின் விலையைவிடப் பல மடங்கு, வலியோ கணக்கில் அடங்காதது.

இந்தத் தாளில் எழுதப்படாமலே போகிற ஒரு செலவு இருக்கிறது. வீட்டில் ஒரு மகளோ மருமகளோ வேலையை விட்டுவிட்டு உடனிருந்து பார்க்கிறார் என்றால், 'ஆள் வைக்கவில்லை, செலவில்லை' என்று உடன்பிறந்தவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெண் இழந்த சம்பளம், நின்றுபோன வருங்கால வைப்புநிதி, அவருடைய முதுகுவலி ஆகிய எல்லாமே பராமரிப்புச் செலவுதான். அவர் இடத்தில் ஓர் ஆளை வைத்திருந்தால் என்ன கொடுத்திருப்போமோ அதில் ஒரு பங்கையாவது மாதந்தோறும் அவர் வங்கிக் கணக்கில் செலுத்துவது நியாயம் என்பது என் உறுதியான கருத்து. மாதத்தில் நான்கு நாளாவது அவருக்கு ஓய்வு கிடைப்பதற்கு மாற்று ஆள் வைக்கும் தொகையும் கணக்கில் சேர வேண்டும்.

பிறகு விலைவாசி. ஆண்டுக்கு 8 விழுக்காடு செலவு கூடினால் ஒன்பது ஆண்டுகளில் அது இரட்டிப்பாகும். இன்று 46,000 ரூபாயில் நடக்கும் பராமரிப்புக்கு அன்று 92,000 வேண்டும்.

மாத வருமானத்தைக் கட்டுவது

முதியவரின் ஓய்வூதியமோ குடும்ப ஓய்வூதியமோதான் அடித்தளம். அகவிலைப்படியோடு உயரும் வருமானம் அது ஒன்றே. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடும், 85இல் 30 விழுக்காடும், 90இல் 40 விழுக்காடும் கூடுதலாகச் சேரும். பிறந்த தேதி ஆவணத்தில் தவறாக இருந்ததால் இது கிடைக்காமல் போனவர்கள் உண்டு. எனவே ஓய்வூதியப் புத்தகத்தில் உள்ள தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாழ்வுச் சான்று கொடுக்கத் தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்பதால், படுக்கையில் இருப்பவருக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல்ரேகை எடுத்து டிஜிட்டல் சான்று பதிவு செய்து தரும் அஞ்சலகச் சேவையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது சேமிப்பு. அறுபது வயது நிறைந்தவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். 2023 ஏப்ரலில் இதன் வட்டி 8.2 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அரசு காலாண்டுதோறும் வட்டியை அறிவித்தாலும், நீங்கள் கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள வட்டி ஐந்தாண்டுக்கும் மாறாது. அந்த வட்டியில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 20,500 கிடைக்கும். கணவனும் மனைவியும் தனித்தனியே கணக்குத் தொடங்கலாம். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் தனிநபர் 9 லட்சமும் கூட்டாக 15 லட்சமும் போடலாம், 7.4 விழுக்காடு வட்டியில் 9 லட்சத்துக்கு மாதம் 5,550 ரூபாய் வரும்.

முன்னர் சொன்ன தாயாருக்குக் குடும்ப ஓய்வூதியம் 22,000 ரூபாய் என்றும், மூத்த குடிமக்கள் திட்டத்தில் 15 லட்சமும் மாத வருமானத் திட்டத்தில் 9 லட்சமும் இருக்கின்றன என்றும் கொள்வோம். வட்டியாக 10,250 ரூபாயும் 5,550 ரூபாயும் சேர்ந்து மொத்த வருமானம் 37,800 ஆகிறது. பற்றாக்குறை 8,000 ரூபாய். மூன்று பிள்ளைகள் ஆளுக்கு 3,000 கொடுத்தால் நடந்துவிடும் என்று தோன்றும். ஆனால் அடுத்த ஆண்டு செலவு 49,500 ரூபாயை நெருங்கும்போது வைப்புத்தொகை வட்டி ஒரு ரூபாய்கூட உயராது. ஓய்வூதியம் மட்டும் சிறிது உயரும். ஆகவே பிள்ளைகளின் பங்கு ஆண்டுதோறும் கூடும் என்பதை முதல் நாளிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பணத்தையும் ஐந்தாண்டுத் திட்டங்களில் பூட்டிவிடவும் கூடாது. ஆறு மாதச் செலவு சேமிப்புக் கணக்கிலோ உடனே உடைக்கக்கூடிய வைப்பிலோ இருக்கட்டும். மூத்த குடிமக்கள் திட்டத்தை ஓராண்டுக்குப் பிறகு இடையில் முடித்தால் அசலில் ஒன்றரை விழுக்காடும், இரண்டாண்டுக்குப் பிறகு முடித்தால் ஒரு விழுக்காடும் பிடித்துக்கொள்வார்கள். ஓராண்டுக்கு முன்பே முடித்தால் வட்டியே கிடையாது.

பிள்ளைகள் நல்ல சம்பளத்தில் இருந்தால் செய்யத்தக்க ஒன்று உண்டு. பெற்றோருக்குப் பிள்ளைகள் கொடுக்கும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. அந்தப் பணத்தைப் பெற்றோர் தங்கள் பெயரில் போட்டு வாங்கும் வட்டி பெற்றோரின் வருமானமாகவே கருதப்படும். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில், மூலதன ஆதாயம் போன்றவை நீங்கலாக, ஆண்டு வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை வரி கட்ட வேண்டியதில்லை என்பதால், மகன் பெயரில் இருந்திருந்தால் வரியில் போயிருக்கும் தொகை பராமரிப்புக்குக் கிடைக்கும். கொடுத்த பணம் சட்டப்படி பெற்றோருடையது, பிற்காலத்தில் எல்லா வாரிசுகளுக்கும் பொதுவாகப் போகும் என்பதை அறிந்து கொடுக்க வேண்டும். வேறு எண்ணம் இருந்தால் அதைப் பெற்றோர் உயிலில் எழுதிவைக்கட்டும். பெற்றோரின் வட்டியில் வங்கி வரி பிடிக்காதிருக்க, நிதியாண்டுத் தொடக்கத்திலேயே உறுதிமொழிப் படிவம் கொடுத்துவிடுங்கள்.

பழைய வரி முறையில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சில கழிவுகள் உண்டு. மூத்த குடிமக்களான பெற்றோரின் காப்பீட்டுப் பிரீமியத்துக்கோ, காப்பீடு இல்லாத பெற்றோரின் மருத்துவச் செலவுக்கோ 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். தம்மைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கு 40 விழுக்காடு ஊனம் இருப்பதாகச் சான்று பெற்றால் 75,000, 80 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய், உண்மையில் எவ்வளவு செலவானாலும், முழுமையாகக் கழியும். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த பலருக்கு இந்தச் சான்று கிடைக்கும். வாங்கத்தான் யாரும் முனைவதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மாதம் இரண்டு வட்டி, மூன்று வட்டி தருகிறோம் என்று அழைக்கும் நிதி நிறுவனங்களில் முதியவரின் பணத்தைப் போடாதீர்கள். வங்கியில் போட்டால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. அஞ்சலகத்துக்கு அரசே பொறுப்பு. நிதி நிறுவனத்துக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை, எண்பது வயதில் இழந்த பணத்தை மறுபடி சம்பாதிக்கக் காலமும் இல்லை.

இலவசமாகக் கிடைப்பதை விடாதீர்கள்

ஆள் செலவை அரசு ஏற்காவிட்டாலும் அதைச் சுற்றியுள்ள செலவுகளைக் குறைக்க வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறை மருத்துவமும் வலிநீக்கப் பராமரிப்பும் வீட்டிலேயே இலவசமாகத் தரப்படுகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று பெயர் பதிந்தால் போதும். நடுத்தரக் குடும்பங்கள் இது ஏழைகளுக்கானது என்று எண்ணி ஒதுங்கிவிடுகின்றன. நாம் எழுதிய கணக்கில் மாத்திரைக்கும் பிசியோதெரபிக்கும் மட்டும் 10,500 ரூபாய் போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். சிகிச்சைக்கு, சென்னை கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது.

ஆதரவற்ற முதியோருக்கான மாத உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகம் விசாரித்து வழங்கும். கடும் ஊனமுற்றோருக்கான பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். எந்தத் திட்டம், எந்த அலுவலகம் என்று புரியாமல் தவிப்பவர்கள் முதியோர் உதவி எண்ணான 14567ஐ அழைக்கலாம், கட்டணம் இல்லை.

கையெழுத்து யார் போடுவது?

பணம் இருந்தும் எடுக்க முடியாமல் போவதுதான் இந்த விஷயத்தில் நான் கண்ட பெருந்துன்பம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தந்தை பெயரில் பதினெட்டு லட்சம் ரூபாய் வங்கி வைப்பில் இருந்தது. மறதிநோய் முற்றி அவருக்குத் தம் பெயரே நினைவில்லை. நாமினியாக மகள் இருந்தார், ஆனால் நாமினிக்கு உரிமை வருவது இறப்புக்குப் பிறகுதான். தந்தையின் பணம் வங்கியில் கிடக்க, மகள் தம் நகைகளை ஒவ்வொன்றாக அடகு வைத்து உதவியாளருக்குச் சம்பளம் கொடுத்தார்.

இதைத் தவிர்க்கும் வழி, முதியவருக்கு நல்ல நினைவு இருக்கும்போதே கணக்குகளை இருவரில் எவர் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வகைக் கூட்டுக் கணக்காக மாற்றிவிடுவது. நிரந்தர வைப்புகளில் இன்னொரு படியும் உண்டு: முதிர்வுக்கு முன்பே ஒருவர் மட்டும் உடைக்கலாம் என்ற ஒப்புதலை வங்கிக்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் கணவன் அல்லது மனைவியை மட்டுமே கூட்டாகச் சேர்க்க முடியும் என்பதால், துணையை இழந்தவர்கள் எல்லாப் பணத்தையும் அதிலேயே போடாமல் ஒரு பகுதியைப் பிள்ளையோடு கூட்டு வங்கி வைப்பில் வைத்திருப்பது நல்லது.

பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைத்துவிட்டோம், இனிக் கவலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் மனநிலைத் திறனை இழந்துவிட்டால் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அந்த அதிகாரமும் முடிந்துவிடும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது பயன்படாது. உடல் மட்டும் செயலிழந்து நினைவு தெளிவாக இருப்பவருக்கு நிலை வேறு; கை விரல் ரேகையோ கால் விரல் ரேகையோ வைத்து, வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டினால் பணம் எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது. மேலாளர் மறுத்தால் அந்த வழிகாட்டுதலைக் குறிப்பிட்டு எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். எழுபது வயது கடந்தோருக்கு வீட்டுக்கே வந்து சேவை தரவும் வங்கிகள் அறிவுறுத்தப்பட்டுள்ளன.

நினைவு போய்விட்டது, ஏற்பாடும் செய்யவில்லை என்றால் நீதிமன்றத்தில் காப்பாளர் நியமனம் கோருவதுதான் வழி. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, கோமாவில் இருந்த கணவரின் சொத்தை அவர் சிகிச்சைக்கும் குடும்பத்துக்குமாக விற்பதற்கு மனைவியைக் காப்பாளராக நியமித்தது. அந்த மனைவியின் மனுவை முதலில் தனி நீதிபதி ஏற்கவில்லை, மேல்முறையீட்டில்தான் கிடைத்தது. வங்கிக்கு ஒரு முறை போய்வந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய அலைச்சலை எந்தக் குடும்பமும் படக்கூடாது.

வீட்டை எழுதிக் கொடுக்காதீர்கள்

நம் ஊரில் முதியவரின் பெரிய சொத்து அவர் குடியிருக்கும் வீடுதான். அதைப் பிள்ளைகள் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டால் பிற்காலத்தில் சண்டை வராது, பத்திரச் செலவும் குறைவு என்று உறவினர்களே வந்து அறிவுரை சொல்வார்கள். கேட்காதீர்கள். செட்டில்மென்ட் பதிவான அன்றே உரிமை கைமாறிவிடுகிறது. உயில் எழுதினால் உயிருள்ளவரை உரிமை உங்களுடையது, எப்போது வேண்டுமானாலும் மாற்றியும் எழுதலாம். பராமரிப்புக்குப் பணம் போதாதபோது வாடகைக்கு விடவும், அடமானம் வைக்கவும், விற்கவும் பெயர் உங்களிடம் இருந்தால்தான் முடியும்.

ஏதோ ஒரு காரணத்தால் செட்டில்மென்ட் எழுதியே தீர வேண்டும் என்றால், ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை பெறவும் உள்ள உரிமையைப் பத்திரத்திலேயே தக்கவைத்துக்கொள்ளுங்கள். உணவு, மருத்துவம், பணிவிடை ஆகியவற்றைப் பெறுபவர் தம் செலவில் தர வேண்டும், தவறினால் பத்திரம் செல்லாது என்ற வாசகத்தையும் எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவு இந்த வாசகத்துக்குத்தான் பலம் தருகிறது. பராமரிப்பு என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிக்கொண்டவர் கைவிட்டால், அந்தப் பத்திரத்தை வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். நிபந்தனை எழுதப்படாத பத்திரங்களில் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி தீர்ப்பளிக்கவில்லை. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்தாக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அன்பும் பாசமும் காரணமாக எழுதப்பட்ட பத்திரத்தில் அந்த நிபந்தனை உள்ளுறையாகவே இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. எழுதிவிட்ட ஒரு வரி இந்த வாதங்களையெல்லாம் தேவையற்றதாக்கிவிடும்.

வீட்டிலிருந்து பணம் பெற மூன்று வழிகள் உண்டு. மாடியையோ பின்பகுதியையோ வாடகைக்கு விடுவது எளிது. உதவியாளர் தங்குவதற்கு ஓர் அறை வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. பெரிய வீட்டை விற்று, பிள்ளைகளுக்கு அருகில் தரைத்தளத்தில் சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்து, மீதியை வைப்பில் போடுவது இரண்டாவது. முதியவர் இன்னும் நடமாடும்போது செய்தால் மட்டுமே இது நல்ல வழி. மறதிநோய் உள்ளவரைப் பழகிய வீட்டிலிருந்து பெயர்ப்பது அவருக்குப் பெரும் வதை. மூன்றாவது, 2007-08 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிமுகமான ரிவர்ஸ் மார்ட்கேஜ் கடன். அறுபது வயது கடந்தவர், தாம் சொந்தமாகச் சம்பாதித்துக் குடியிருக்கும் வீட்டை வங்கியில் அடமானம் வைத்தால், வங்கி அவருக்கு மாதந்தோறும் பணம் தரும். கணவன், மனைவி இருவரில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரையிலும் வீட்டை விட்டு வெளியேற்ற முடியாது. இருவரின் காலத்துக்குப் பின் வாரிசுகள் கடனைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளலாம். கட்டாவிட்டால் வங்கி விற்று, கடன் போக மீதியை வாரிசுகளுக்குத் தரும். வரும் பணம் கடன் என்பதால் அதற்கு வருமான வரி இல்லை. பூர்விகச் சொத்துக்கும், பட்டா தெளிவில்லாத வீட்டுக்கும் இது கிடைப்பது கடினம். மாதப் பணம் வரும் காலத்துக்கு வரம்பும் உண்டு. எழுபது வயதில் தொடங்கிப் பதினைந்து ஆண்டில் முடிந்துவிட்டால், வீட்டில் தொடர்ந்து இருக்கலாமே தவிர, மாதப் பணம் நின்றுவிடும். எண்பதை நெருங்கும்போது தொடங்குவதே இதைப் பயன்படுத்தத் தக்க காலம் என்பேன்.

பிள்ளைகளுக்குச் சொத்து மிஞ்ச வேண்டும் என்பதற்காகப் பெற்றோர் டயப்பரில் சிக்கனம் பிடிப்பதையும், பிசியோதெரபியை நிறுத்திவிடுவதையும் பார்க்கிறோம். அவர்கள் சம்பாதித்த சொத்து முதலில் அவர்களுக்குத்தான் பயன்பட வேண்டும். இதைப் பெற்றோரிடம் பிள்ளைகளே வாய்திறந்து சொல்லிவிட்டால் அவர்கள் மனம் எவ்வளவோ லேசாகும்.

இல்லத்தில் சேர்ப்பதாக இருந்தால்

கோயம்புத்தூர், சென்னை போன்ற ஊர்களில் பெருகியுள்ள கட்டண முதியோர் இல்லங்களில் சேர்க்கும் முன், ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துவந்து நிதானமாகப் படியுங்கள். நடமாடும் வரைதான் இங்கே இருக்கலாமா, படுத்துவிட்டால் வெளியேறச் சொல்வார்களா என்பதே முதல் கேள்வி. முன்பணத்தில் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளில் வரும், ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு கட்டணம் உயரும், மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கும் கட்டணம் உண்டா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லாக மேலாளர் சொல்வது எதுவும் இரண்டாண்டு கழித்து நிற்காது. அரசோ பதிவு பெற்ற அறக்கட்டளையோ நடத்தும் இல்லத்தில் மாதக் கட்டணம் 25,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் அறுபது வயது கடந்தவருக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ரசீதில் வரி சேர்த்திருந்தால் காரணம் கேளுங்கள்.

பிள்ளைகளின் பங்கு

முதியவரின் வருமானமும் சேமிப்பும் போக மிஞ்சும் பற்றாக்குறையைத்தான் பிள்ளைகள் பங்கிட வேண்டும். சமமாகப் பிரிப்பதைவிட வருமானத்துக்கு ஏற்பப் பிரிப்பதே நீடிக்கும். அமெரிக்காவில் இருக்கும் அண்ணனும் திருச்சியில் தனியார் பள்ளியில் பாடம் நடத்தும் தங்கையும் ஒரே தொகை போட்டால் ஓராண்டிலேயே மனக்கசப்பு வரும். பராமரிப்புக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, ஓய்வூதியம், வட்டி, பிள்ளைகளின் பங்கு எல்லாம் அதில் வரவாகவும், சம்பளமும் மருந்தும் அதிலிருந்தே செலவாகவும் வைத்துக்கொண்டால், யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பேச்சே எழாது. மாதக் கணக்கை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பார்த்துக்கொள்பவரே கணக்கும் காட்ட வேண்டும் என்று சுமத்தாமல், தொலைவில் இருக்கும் பிள்ளை கணக்கு எழுதும் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம்.

வசதி இருந்தும் பிள்ளைகள் தர மறுத்தால், மேற்சொன்ன 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி முதியவர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை, தாமே எழுதிக் கொடுக்கலாம், முடியாதவர் வேறொருவரையோ ஓர் அமைப்பையோ தம் சார்பில் கொடுக்கச் சொல்லலாம். பிள்ளை இல்லாதவர்கள், தம் சொத்தை அனுபவிக்கிற அல்லது வாரிசாகப் பெறப்போகிற உறவினரிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். அறிவிப்பு அனுப்பிய நாளிலிருந்து 90 நாளில் முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம், சிறப்புக் காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். விசாரணை நடக்கும்போதே இடைக்காலத் தொகைக்கு உத்தரவிடும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. இந்தச் சட்டத்தில் வகுத்துள்ள உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய்தான். 46,000 ரூபாய்ச் செலவுக்கு அது போதாது. ஆனாலும் ஓய்வூதியமோ சேமிப்போ இல்லாத ஒரு தாய்க்கு, மகனிடம் கெஞ்சாமல் வரும் அந்தப் பத்தாயிரம் உதவியாளர் சம்பளத்தில் ஒரு பகுதியையாவது அடைக்கும். மனுவோடு மருத்துவர் சான்று, மாதச் செலவுத் தாள், ரசீதுகள், பிள்ளைகளின் முகவரி ஆகியவற்றை இணைத்துக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள்.